தகவல் பிழை மட்டும் திருத்தவும்

1

நான் உயிரோடு இருப்பதற்குச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய அன்று பகலில்தான் என் மரணக் குறிப்பும் வந்து சேர்ந்தது. இரண்டையும் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சான்றிதழைவிடக் குறிப்பு நன்றாக எழுதப்பட்டிருந்தது.

ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்கு முதல் விஷயத்தை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அரசு தன் பழைய ஊழியனை ஆண்டுக்கு ஒருமுறை பார்த்து, இவன் இன்னும் இருக்கிறானா என்று உறுதி செய்துகொள்ளும். சென்னையில் இருப்பவன் நேரில் போய் முகத்தைக் காட்டலாம். வெளிநாட்டில் இருப்பவன் வாழ்நாள் சான்றிதழ் அனுப்ப வேண்டும். அதில் யார் யார் கையெழுத்துப் போடலாம் என்பதற்கு விதி உண்டு. அந்த விதியைப் பணிக்காலம் முழுக்க மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். இப்போது மேஜைக்கு இந்தப் பக்கம்.

நியூசிலாந்தில் ஹாமில்டன் என்ற ஊரில் மகள் வீட்டில் இருக்கிறேன். இங்கே நூலகத்தில் குறிப்பிட்ட கிழமைகளில் ஒருவர் சிறிய மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். கையெழுத்துக்குச் சாட்சி சொல்வதும் நகலுக்குச் சான்றளிப்பதும் அவர் வேலை. சம்பளம் கிடையாது, கட்டணமும் கிடையாது. முதல் தடவை இதில் ஏதோ சூது இருக்கிறது என்றுதான் நினைத்தேன். இந்த முறை இருந்தவர் மாடு வளர்த்து ஓய்வு பெற்ற பெரியவர். படிவத்தை முழுவதும் படித்தார், அவருக்குத் தெரியாத தமிழ்ப் பகுதி உட்பட. பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நீங்கள் உயிரோடு இருப்பது போலத்தான் தெரிகிறது என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கையெழுத்திட்டார். ‘போலத் தெரிகிறது’ என்ற சொல்லைப் பதவியில் இருந்தபோது நான் ஏற்றிருக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து காபி போடும்போது கைப்பேசி சிணுங்கியது. மயிலாப்பூரிலிருந்து ஒரு பக்கம். மேலே என் பழைய புகைப்படம், தலை நிறைய முடியோடு. கீழே பெயர், பிறந்த ஆண்டு, ஒரு கோடு, கோட்டுக்குப் பிறகு வெற்றிடம். அதன் கீழே ஆறு வாக்கியங்கள். பக்கத்தின் அடியில், நான் எதிர்பார்த்தபடியே, சாய்வாக ஒரு ரப்பர் முத்திரை: ‘தகவல் பிழை மட்டும் திருத்தவும்.’

பேத்தி நிலா எட்டிப் பார்த்து, இது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான்தான் என்றேன். ஏதாவது பரிசு கிடைத்திருக்கிறதா என்றாள். கிட்டத்தட்ட என்றேன்.

2

அனுப்பியவர் பரசுராமன். கவிஞர். ‘குறுக்குத் தெரு’ என்ற காலாண்டிதழின் ஆசிரியர். கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடி வீட்டின் முன்னறையிலிருந்து இத்தனை வருஷமாக அதை நடத்துகிறார். இதழுக்குப் பெயர் பதிவு செய்யும்போது விண்ணப்பத்தை எழுதியவன் நான். பெயர் என்ற இடத்தில் முகவரியை எழுதிவிட்டீர்களே என்று திருப்பி அனுப்பினார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. கவிதைக்கும் எனக்கும் உள்ள தொடர்பைவிட அந்த இதழின் பதிவு, அஞ்சல் சலுகை, ஆண்டறிக்கை இவற்றோடு எனக்கிருந்த தொடர்புதான் நெருக்கமானது. பரசு கவிதைகளைப் பார்த்துக்கொள்வார். கவிதை அல்லாத எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்வேன்.

கவிதைகளைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு முறை உண்டு. வந்ததை ஒருமுறை படித்து வைத்துவிடுவார். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. பிறகு தாளை மூடிவிட்டு நடக்கப் போவார். மாட வீதிகளைச் சுற்றி வருவதற்குள் அந்தக் கவிதையிலிருந்து ஒரு வரியாவது தானாக வந்து நின்றால் பரிசீலனை, இல்லாவிட்டால் நிராகரிப்பு. நிராகரிக்கும்போதும் வெறுமனே அனுப்ப மாட்டார். தேறிய வரி ஏதாவது இருந்தால் அதை மட்டும் எழுதி, ‘இது உங்களுடையது’ என்று குறித்திருப்பார். வேறெதுவும் எழுத மாட்டார். மற்ற இதழ்களில் கவிதை வந்த பெருமையைவிட, பரசு அந்த இரண்டு சொல்லை எழுதி அனுப்பிய பெருமையைப் பேசித் திரிகிறவர்கள் சென்னையில் உண்டு.

மரணக் குறிப்பு வழக்கம் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோட்டூர்புரத்தில் இருந்த கவிஞர் ஒருவர் திடீரென்று போய்விட்டார். இதழ் அச்சுக்குப் போகிற நேரம். பரசு அவசரமாக ஒரு பக்கம் எழுதினார். அதில் வேறொருவருடைய தொகுப்பை இவர் கணக்கில் சேர்த்து, இவருடைய தொகுப்பு ஒன்றை விட்டுவிட்டார். இதழ் போய்ச் சேர்ந்த வாரத்தில் அந்தக் கவிஞரின் மனைவி ஆட்டோவில் வந்து மாடியேறினார். ருக்மிணி, பரசுவின் மனைவி, காபி கொடுத்தார். முழுவதும் குடித்துவிட்டு அந்த அம்மாள் சொன்னது இவ்வளவுதான்:

“அவர் எழுதாததைப் போட்டிருக்கீங்க. எழுதினதை விட்டுட்டீங்க. இனிமே அவர் வந்து திருத்த முடியாது பாருங்க.”

அதன் பிறகு பரசு ஒரு முடிவுக்கு வந்தார். இதழில் எழுதியவர்களில் எழுபதைத் தாண்டியவர்கள் எல்லோருக்கும் குறிப்பை முன்கூட்டியே எழுதி, அவர்களுக்கே அனுப்பிச் சரிபார்த்து வாங்கிவிடுவது. தகவலைத் திருத்தலாம். கருத்தைத் தொடக் கூடாது. நடைமுறை என்ற அளவில் இதில் நான் ஒரு குறையும் காணவில்லை. முத்திரை செய்யச் சொன்னதே நான்தான்.

எல்லோரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவர் சந்தாவை நிறுத்தினார். ஒருவர் தான் வாங்கிய விருதுகளையெல்லாம் சேர்த்துக் குறிப்பை மூன்று பக்கமாக்கி அனுப்பினார். தி. நகரில் இருக்கும் கவிஞர் ஒருவர், பெண், ‘மறைந்தார்’ என்பதை அடித்துவிட்டு ‘கிளம்பினார்’ என்று எழுதியிருந்தார். பரசு வெகு நேரம் யோசித்து, அது கருத்து, ஏற்பதற்கில்லை என்று தீர்ப்புச் சொன்னார். அவருக்குப் பிடித்திருந்தது என்பது முகத்தில் தெரிந்தது.

3

என் குறிப்பு இதுதான்:

‘கவிஞர் மாணிக்கன் (ராஜமாணிக்கம்) மயிலாப்பூரில் பிறந்தார். கருவூலத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றார். ஒரே ஒரு தொகுப்பு வெளியிட்டார். அவர் கவிதைகளில் ஈரம் குறைவு. கணக்கு சரியாக இருக்கும். வெளிநாட்டில் குடியேறிய பிறகு எழுதவில்லை.’

பேனாவை எடுத்தேன். நான் பிறந்தது ராயப்பேட்டை அரசு மருத்துவமனையில். திருத்தினேன். ஓய்வு பெற்றது கணக்கராக அல்ல, கூடுதல் கருவூல அலுவலராக. அதையும் திருத்தினேன். மரணக் குறிப்பில் பதவிப் பெயரைச் சரி செய்த ஒரே கவிஞன் நானாகத்தான் இருப்பேன். ஈரம் குறைவு என்பது கருத்து. விட்டுவிட்டேன். கடைசி வாக்கியத்துக்கு வந்ததும் பேனா நின்றது. அதில் தகவல் பிழை எதுவும் இல்லை. அதுதான் சங்கடம்.

மாலையில் மகள் வேலையிலிருந்து வந்தாள். அவள் பெயர் கவிதா. அந்தக் காலத்தில் எனக்கு அப்படி ஒரு ஆர்வக்கோளாறு. குறிப்பைப் பார்த்துக் கோபப்பட்டாள். உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு யாராவது இப்படி அனுப்புவார்களா, அந்த நம்பரைக் கொடுங்கள், நான் பேசுகிறேன் என்றாள். இது எங்களுக்குள் வழக்கம் என்று சமாதானம் சொன்னேன். அவள் தமிழ் படிப்பது இப்போது மெதுவாகிவிட்டது. எழுத்தெழுத்தாகக் கூட்டி வாய்விட்டுப் படித்தாள். கடைசி வரியைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“நிஜமாவே எழுதலையாப்பா? நீங்க மாடி ரூம்ல எழுதிட்டிருக்கீங்கன்னுதானே நிலாவை சத்தம் போடாதேன்னு சொல்லிட்டிருக்கேன்.”

மாடி அறையில் நான் செய்துகொண்டிருந்தது, தமிழ்நாடு அரசு வெளியிடும் நிதித்துறை ஆணைகளை இணையத்தில் படிப்பது. ஓய்வு பெற்ற பிறகும் ஒரு ஆணையைக்கூட விட்டதில்லை. எந்தப் படி எவ்வளவு உயர்ந்தது, எந்தப் படிவம் மாறியது எல்லாம் தெரியும். யாரும் என்னிடம் கேட்பதில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை. நிலா படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுக்கும் திட்டுக்கும் வேண்டிய தமிழ் அவளுக்குப் புரியும். இது இரண்டுமில்லை என்பதால் எழுந்து போய்விட்டாள்.

என் அன்றாடத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். காலையில் ஆற்றங்கரையில் நடை. எதிரில் வருகிற ஒவ்வொருவரும் வணக்கம் சொல்வார்கள். யாருக்கும் என்னைத் தெரியாது. வாரத்தில் ஒருநாள் குப்பைத்தொட்டிகளை வாசலில் வைப்பது என் பொறுப்பு. சிவப்பு மூடி ஒன்று, மஞ்சள் மூடி ஒன்று, சாப்பாட்டு மிச்சத்துக்குச் சின்னப் பச்சைத் தொட்டி. எந்த வாரம் எது என்பதற்கு அட்டவணை இருக்கிறது. மனப்பாடம் செய்துவிட்டேன். ஒரு முறை தேங்காய் ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றேன். உணவா, கழிவா? அக்கம்பக்கத்தில் விசாரித்தேன். ஆளுக்கொன்று சொன்னார்கள். நகராட்சிக்கு மின்னஞ்சல் எழுதி, பதில் வரும்வரை அதை ஜன்னலில் வைத்திருந்தேன். கவிதா அதைத் தன் அலுவலகத்தில் சொல்லிச் சிரித்தாளாம்.

தொட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும்போது சில சமயம் ஒரு வரி வரும். திரும்பி வந்து கை கழுவித் துண்டில் துடைப்பதற்குள் போய்விடும். இதை எழுதுவது என்று எந்த விதியில் சேர்ப்பது?

4

மறுநாள் பரசுவைக் கூப்பிட்டேன். மயிலாப்பூரில் மழை. அவர் சந்தில் முழங்கால் தண்ணீர் நிற்பதாகவும், மெட்ரோ வேலைக்குத் தோண்டியது எது, மழை தோண்டியது எது என்று தெரியவில்லை என்றும் சொன்னார். கண் இன்னும் மங்கிவிட்டதாம். இப்போது வருகிற கவிதைகளையெல்லாம் ருக்மிணி படித்துக் காட்டுகிறாராம். வீட்டில் அவர் நடத்தும் வயலின் வகுப்பு முடிந்த பிறகு ஒரு மணி நேரம் அதற்கு. கவிதை மோசமாக இருந்தால் படிக்கும்போதே அவர் குரல் சுருதி இறங்குகிறது, பாதி வேலை மிச்சம் என்றார்.

விஷயத்துக்கு வந்தேன். கடைசி வாக்கியம் தேவையற்றது என்றேன். குறிப்பின் நோக்கத்துக்குப் பொருந்தாதது, நீக்கப் பரிந்துரைக்கிறேன் என்று அலுவலக மொழியிலேயே சொன்னேன்.

“பொறந்த ஊரு தப்புன்னேள், மாத்தியாச்சு. உத்தியோகம் தப்புன்னேள், மாத்தியாச்சு. இந்த வரி தப்பா?”

“தப்புன்னு சொல்லலை, பரசு. தேவையில்லைன்னு சொல்றேன்.”

“அது கருத்து. முத்திரையைப் படியுங்கோ.”

மனதுக்குள் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன். சொல்லி முடிப்பதற்குள்ளேயே எனக்கு வெட்கமாக இருந்தது. பின்னால் மழைச் சத்தமும் யாரோ ஒரு குழந்தை வயலினில் சரளி வரிசையை இழுப்பதும் கேட்டன.

“மாணிக்கம், வவுச்சர் இல்லாம நீங்க பில் பாஸ் பண்ணுவேளா?”

பண்ணியதில்லை. செலவுக்கு ரசீது இணைக்காமல் வந்த பில்லை என் சர்வீஸில் ஒருமுறைகூட நான் அனுமதித்ததில்லை. பெரிய இடத்துப் பில்களையும் திருப்பி அனுப்பிப் பெயர் வாங்கியவன். அது அவருக்கும் தெரியும். நான் திருப்பி அனுப்பிய கதைகளைக் கேட்டு அந்த முன்னறையில் விழுந்து விழுந்து சிரித்தவர்தான் அவர்.

போனை வைத்த பிறகு எனக்குக் கோபம் வரவில்லை. பயம் வந்தது. மனைவி சரோஜா போன பிறகு, தனியாக இருக்காதீர்கள் என்று மகள் அழைத்து வந்தாள். வந்தேன். அடையாறு வீட்டைக் கொடுத்தேன், புத்தகங்களைக் கொடுத்தேன், ஒவ்வொன்றுக்கும் முறைப்படி ஒப்படைப்பு. ஒரு சாமானும் விடுபடவில்லை என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது ஒருவர் எழுத்துப்பூர்வமாகச் சொல்கிறார்: விமானம் ஏறிய நாளோடு கவிஞன் முடிந்தான், ராஜமாணிக்கம் என்ற ஆள் மட்டும் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்தான். அது அச்சில் வரும். நான் வந்து திருத்த முடியாது.

அன்று முதல் மாடி அறையில் உண்மையாகவே எழுத ஆரம்பித்தேன். நிலாவைச் சத்தம் போட விடச் சொன்னேன்.

5

தை பிறந்ததும் மூன்று வாரத்துக்குச் சென்னை வந்தேன். அடையாற்றில் மைத்துனர் வீட்டில் தங்கல். கவிதையைத் தபாலில் அனுப்பியிருக்கலாம், கைப்பேசியிலும் அனுப்பியிருக்கலாம். அத்தாட்சியை நேரில் சமர்ப்பிப்பதுதான் எனக்குத் தெரிந்த முறை.

அடையாறிலிருந்து மயிலாப்பூருக்கு ஆட்டோ பிடித்தேன். கிளம்புவதற்கு முன்பே ஓட்டுநரிடம் ஆங்கிலத்தில் நன்றி சொல்லிவிட்டேன். ஹாமில்டனில் பேருந்து ஓட்டுநருக்குச் சொல்லிச் சொல்லி வந்த வியாதி. அவர் திரும்பிப் பார்த்து, “இன்னா சார், ரேட்டே பேசல, அதுக்குள்ள தேங்க்ஸா?” என்றார். அந்த நன்றிக்கும் சேர்த்து வாங்கினார். லஸ் பக்கம் இறக்கிவிட்டதும் சாலையைக் கடக்க வெள்ளைக் கோட்டில் நின்றேன், வண்டிகள் நிற்கும் என்று. பூக்கூடையோடு நின்ற ஒரு பெண் என் முழங்கையைப் பிடித்து, வா பெரியவரே என்று இழுத்துக்கொண்டு போய் அந்தப் பக்கம் விட்டார். அவருக்கும் நன்றி சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை.

பரசு வீட்டு முன்னறையில் புது இதழ்க் கட்டுகள் வந்து இறங்கியிருந்தன. தேவராஜ் தரையில் உட்கார்ந்து கயிறு அறுத்துக்கொண்டிருந்தார். ராயப்பேட்டையில் அச்சகம் வைத்திருப்பவர். குறுக்குத் தெருவை ஆரம்பத்திலிருந்து அச்சடிப்பவர். என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார்.

“இன்னா சார் இது, பேஜை ரெடி பண்ணி வெச்சிக்கினு கீறேன், நீங்க இன்னாடான்னா நேர்ல வந்து நிக்கிறீங்க.”

“அவசரம்னா சொல்லு தேவராஜ்.”

“நமக்கு இன்னா சார் அவசரம். போட்டோ மட்டும் வேற குடுங்க. இதுல முடி நெறைய கீது. பாக்கறவன் வேற ஆளுன்னு நெனச்சிக்கினு போயிடுவான்.”

பரசு சிரித்தார். குரல் வந்த திசையை நோக்கித்தான் முகத்தைத் திருப்பினார். என் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி எதையோ பார்த்துக்கொண்டு, ஆத்துல எல்லாரும் சௌக்கியமா, பேத்தி என்ன படிக்கறா என்று விசாரித்தார். நான் பதில் சொல்லிக்கொண்டே முகவரி ஒட்ட உட்கார்ந்தேன். கை பழைய வேலையை மறக்கவில்லை. அஞ்சல் குறியீட்டு வாரியாகப் பிரித்து, கட்டுக்கட்டாக அடுக்கினேன். தேவராஜ் பார்த்துவிட்டு, இவர் போன பிறகு தபாலாபீஸில் கட்டு திரும்பி வராத மாசமே இல்லை என்று பரசுவிடம் புகார் சொன்னார். அந்த அரை நாள் எனக்கு நன்றாக இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

ருக்மிணி காபி கொண்டு வந்தபோது ஒரு சந்தேகம் கேட்டேன். எல்லோருக்கும் குறிப்பு எழுதுகிற பரசுவுக்கு யார் குறிப்பு எழுதுவது என்று. பரசு, அதற்கென்ன அவசரம் என்பது போலக் கையை ஆட்டினார். ருக்மிணி டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டு, “அதெல்லாம் நான் எழுதிண்டிருக்கேன்” என்றார்.

பரசுவுக்கே இது புதுச் செய்தி என்பது தெரிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்குக் காட்டணுமே, அதுதானே வழக்கம் என்றார்.

“காட்ட மாட்டேன்.”

“தகவல் பிழை இருந்தா?”

“இருந்துட்டுப் போறது.”

தேவராஜ் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டார். பரசு கொஞ்ச நேரம் காபியை ஆற்றினார். பிறகு அவர் முகத்தில் வந்த சிரிப்பை இதழில் எந்தக் கவிதைக்கும் நான் பார்த்ததில்லை.

கிளம்பும்போது சட்டைப் பையிலிருந்து கவிதையை எடுத்து நீட்டினேன். வவுச்சர் என்றேன். அவர் வாங்கி, மடிப்பைப் பிரிக்காமல், விரலால் தடவித் தாளின் கனத்தைப் பார்த்தார். எவ்வளவு வரி என்று கேட்டார். இருபத்திரண்டு என்றேன். மேஜையில் ஒரு கட்டு இருந்தது. அதைத் தூக்கி, என்னுடையதை எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தார். வந்த வரிசைப்படிதான் பார்ப்பேன், நீங்கதானே இந்த விதியைப் போட்டேள் என்றார். ஆமாம். அந்த விதியையும் நான்தான் போட்டேன்.

6

ஹாமில்டன் திரும்பிக் காத்திருந்தேன். காத்திருப்பதில் எனக்கு அனுபவமில்லை. மற்றவர்களைக் காக்க வைத்துத்தான் பழக்கம். கவிதா சாப்பிடும்போதெல்லாம் பதில் வந்ததா என்று கேட்டாள். நிலாவுக்கு விஷயம் தெரிய வேண்டியிருந்தது. கவிதை எதைப் பற்றி என்று கேட்டாள். கபாலீசுவரர் கோயில் குளத்தைப் பற்றி என்றேன். குளம் தெரியும், ஒரு தடவை போனபோது மீனுக்குப் பொரி போட்டோமே என்றாள். வேறு எதுவும் இருக்கிறதா என்றாள். நடுவில் குப்பைத்தொட்டி வருகிறது என்றேன். “குப்பையா?” என்று தமிழில் கேட்டுச் சிரித்தாள். இவ்வளவு தெளிவாக அவள் சொன்ன தமிழ்ச் சொல் வேறு எனக்கு நினைவில்லை.

பங்குனி வெயில் பற்றி ஊரில் எல்லோரும் புலம்ப ஆரம்பித்த நேரம் பதில் வந்தது. இங்கே இலை உதிர்காலம் தொடங்கியிருந்தது. முதலில் ஒரு குரல் பதிவு. பரசு கண் மங்கிய பிறகு எழுதுவதில்லை, பேசித்தான் அனுப்புகிறார். ஆனால் எழுதும்போது எவ்வளவு சிக்கனமோ பேசும்போதும் அவ்வளவுதான்.

“மாணிக்கம், ருக்மிணி ரெண்டு தடவை படிச்சுக் காமிச்சா. மாட வீதியைச் சுத்திண்டு வந்தேன். குளம் வரலை. குளத்தைத் தினம் பாத்துண்டுதானே இருக்கோம், எங்களுக்கு எதுக்கு? ‘உடைத்த தேங்காயின் ஓடு எந்த நிறத்தில் சேரும் என்று ஊரையே கேட்டேன்’. இது வந்துது. தேரடிகிட்ட வந்துது. இது உங்களுடையது. கவிதை பிரசுரத்துக்கு இல்லை.”

பதிவு முடிந்தது. திரும்பவும் போட்டுக் கேட்டேன். கவிதா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றாள். என்னப்பா என்றாள். நிராகரித்துவிட்டார் என்றேன். அவள் முகம் வாடியது. நான் ஏன் சிரிக்கிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த இரண்டு சொல்லை பரசு எனக்குச் சொன்னதில்லை. நான் கவிதை கொடுத்தால் போடுவார், அல்லது போட மாட்டார். நண்பன் என்பதால் அதற்கு மேல் பேச மாட்டார். என் ஒரே தொகுப்பில் அவர் ‘உங்களுடையது’ என்று காட்டிய வரி ஒன்றுகூடக் கிடையாது.

சற்று நேரத்தில் தேவராஜ் அச்சகத்திலிருந்து ஒரு பக்கம் வந்தது. புதுப் புகைப்படம், முடி இல்லாதது. பிறந்த இடம் ராயப்பேட்டை. பதவி கூடுதல் கருவூல அலுவலர். ஈரம் குறைவு அப்படியே. கடைசியில் மட்டும் மாற்றம்:

‘வெளிநாட்டில் குடியேறிய பிறகும் சில கவிதைகள் எழுதினார். குறுக்குத் தெரு அவற்றை வெளியிடவில்லை.’

அடியில் முத்திரை.

7

இந்தக் குறிப்புகளை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் மேஜையில் கிடக்கிறது. ஊரில் இருக்கிற நண்பர்கள் சிலர் வாழ்க்கை எப்படிப் போகிறது என்று கேட்கிறீர்கள். இப்படித்தான் போகிறது: ஒரு பக்கம் முழுவதையும் ஒப்புக்கொண்டுவிட்டு ஒரு சொல்லில் நிற்கிறேன்.

‘சில கவிதைகள்’ என்று இருக்கிறது. நான் கொடுத்தது ஒன்று. ஒன்றைச் சில என்று எந்தக் கணக்கிலும் எழுத முடியாது. இது கருத்தல்ல, கலப்படமில்லாத தகவல் பிழை. வேறு யாருடைய பக்கமாக இருந்தாலும் இந்நேரம் சுழித்திருப்பேன். பரசு கணக்கில் தவறக்கூடியவர் அல்ல. ஒரு கவிதையைத் தன் கையால் கட்டுக்கு அடியில் வைத்தவர், ஒன்று என்று தெரியாமலா சொல்லியிருப்பார்? ருக்மிணி எழுதிக்கொண்டபோது மாற்றினாரா? கேட்டால் இருவரும் சொல்ல மாட்டார்கள்.

நேற்று மாலை பேனாவை எடுத்து, முத்திரைக்குக் கீழே ‘தகவல் பிழை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பதவிப் பெயரும் போட்டேன். படம் எடுத்து மயிலாப்பூருக்கு அனுப்பினேன். ரசீது இணைக்காத பில்லை என் வாழ்நாளில் முதல் தடவையாக பாஸ் செய்தேன். ஓய்வு பெற்றவன்மேல் துறை நடவடிக்கை எடுக்க முடியுமா என்றால், சில சந்தர்ப்பங்களில் முடியும். அந்த விதியும் எனக்குத் தெரியும்.

இன்று குப்பை நாள். விடிந்ததும் பச்சைத் தொட்டியையும் மஞ்சள் மூடியையும் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். எதிர்வீட்டுக்காரர் கையசைத்தார். தொட்டியின் சக்கரம் நடைபாதை விளிம்பில் இடறியபோது ஒரு வரி வந்தது. குளத்தைப் பற்றி அல்ல. தொட்டியை நிறுத்திவிட்டு நேராக மாடிக்கு வந்து உட்கார்ந்தேன்.

கை கழுவவில்லை.